பிரவீனுக்கு ஒரு கத்தி

ஒரகடம் பக்கம் ஒரு கார் உதிரிபாகக் கம்பெனியின் இரண்டாவது கேட்டில் கன்னியப்பன் செக்யூரிட்டி. சொந்த ஊர் வடக்குப்பட்டு. நிலத்தைக் கொடுத்துவிட்டு அதே நிலத்தின் மேல் காவலுக்கு நிற்கிறார் என்று எழுதினால் கதை நன்றாக இருக்கும். அப்படியெல்லாம் பொருந்தி வரவில்லை. அவர் நிலம் இரண்டு கம்பெனி தள்ளி, கன்டெய்னர் லாரிகள் நிற்கிற பொட்டலாகக் கிடக்கிறது. டிரைவர்கள் அங்கே ஒன்றுக்குப் போகிறார்கள். அதைப் பார்க்கப் பிடிக்காமல் கன்னியப்பன் சுற்றுவழியில் வேலைக்கு வருவார்.

உள்ளே போகிறவர்களைத் தடவிப் பார்ப்பது அவர் வேலை. கையைத் தூக்கச் சொல்லி, பையைத் திறக்கச் சொல்லி, டிபன் பாக்ஸைக் கூட ஆட்டிப் பார்ப்பார். பீடி, ஹான்ஸ் புகையிலை, தீப்பெட்டி எதுவும் உள்ளே போகக் கூடாது. எல்லாவற்றையும் விட முக்கியம் கத்தி. என்றைக்கோ கேன்டீனில் இரண்டு பேர் அடித்துக்கொண்டதிலிருந்து, சட்டைப்பையில் அடங்குகிற மடக்குக் கத்திக்கும் தடை. பிடிபட்டால் மேஜைக்கடியில் இருக்கும் நீலக் கூடையில் போட வேண்டும். திரும்பப் பெற்றுக்கொள்ளலாம் என்று சுவரில் எழுதி வைத்திருக்கிறார்கள். வாங்கப் போனால் சூப்பர்வைசர் பேர் கேட்பார். பேர் தெரிந்துபோன கான்ட்ராக்ட் ஆளுக்கு அடுத்த மாதம் வேலை இருக்காது. அதனால் ஒருவரும் கேட்டதில்லை. கூடை நிறைந்ததும் ஸ்கிராப்பில் கொட்டுவார்கள்.

அவர் மகன் பிரவீன் காலாட்படைக்குத் தேர்வானபோது கன்னியப்பனைக் கையில் பிடிக்க முடியவில்லை. அக்னிவீர்தான், நாலு வருஷ வேலைதான். அதற்கப்புறம் நாலில் ஒருவனைத்தான் வைத்துக்கொள்வார்கள். அது ஊருக்கே தெரியும், அவருக்கும் தெரியும். ஆனால் அந்த ஒருவன் தன் மகன்தான் என்று அவராகவே முடிவு கட்டிவிட்டார். டீக்கடையில் நின்று சத்தமாகச் சொன்னார்.

"எம்புள்ள எந்த கம்பெனி வாசல்லயும் கையத் தூக்கினு நிக்க மாட்டான். அது என்னோட போச்சு."

வாழ்க்கையில் அவர் கேட்டது அது ஒன்றுதான். அதிகமாகக் கேட்டுவிட்டார் என்று எனக்குத் தோன்றவில்லை.

முதல் லீவுக்கு வருமுன் பிரவீன் போன் செய்தான். "நைனா, எனக்கு ஒரு கத்தி வாங்கி வையி."

"துப்பாக்கியே குடுத்துக்கீறாங்க, கத்தி இன்னாத்துக்குடா?"

"அய்ய, யாரையும் குத்தறதுக்கு இல்ல. டப்பா தொறக்கணும், கயிறு அறுக்கணும், கம்பி முறுக்கணும், ஸ்க்ரூ டைட் பண்ணணும். அதான் நாள் பூரா வேல. பிளையர் வச்சது ஒண்ணு கீதுல்ல, அதான். கிளவுஸ் போட்டுகினே ஒத்தக் கையால தொறக்கணும். இங்க குளுருல வெரலே மடங்காது."

கன்னியப்பன் பாரிமுனைக்கு பஸ் ஏறினார். ராணுவத்துக்கு என்றதும் கடைக்காரனுக்கு உற்சாகம் வந்துவிட்டது. ஒரு முழ நீளத்தில் ஒன்றை உருவிக் காட்டினான். முதுகில் ரம்பம், பிடியில் திசைகாட்டி, காலில் கட்டிக்கொள்ள உறை வேறு.

"பார்டர்ல கீற பசங்க இதத்தான் கேப்பாங்க, பெரியவரே."

"பார்டர்ல இன்னா, பன்னியா வெட்றாங்க? உள்ள வை அத."

நீலக் கூடையில் செத்துக் கிடக்கும் கத்திகளைத் தினமும் பார்க்கிறவர் அவர். திருகாணி கழன்றது, நுனி முறிந்தது, துருவேறித் திறக்கவே மாட்டாதது என்று எல்லா வகையும் கைபட்டுத் தெரியும். பூட்டு இல்லாத மடக்குக் கத்தி, அழுத்தி அறுக்கும்போது மடங்கி விரலை வெட்டும். ஒரு வெல்டருக்கு அப்படித் தையல் போட்டதை அவரே பார்த்திருக்கிறார். அதனால் பூட்டு உள்ளதாகவே எடுத்துப் பார்த்தார். ஒவ்வொன்றையும் திறந்து, பூட்டு விழுகிறதா என்று முதுகுப் பக்கம் அமுக்கினார். தோல் கையுறையை வீட்டிலிருந்தே கொண்டுபோயிருந்தார். அதை மாட்டிக்கொண்டு கட்டைவிரலால் தள்ளித் திறந்தார். பிளையரை மூடி வெளிச்சத்தில் பிடித்து இடுக்கு தெரிகிறதா என்று பார்த்தார். கடைக்காரன் இரண்டு தடவை கொட்டாவி விட்டான்.

கடைசியில் இரண்டு மிஞ்சின. மலிவானதைக் கடைக்காரன் முன்னே தள்ளினான். "இத எடுத்துக்கோங்க. நாலஞ்சு வருஷம் அடிச்சிக்க முடியாது."

கன்னியப்பனுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "நாலு வருஷத்துக்குத் தாங்கறது எனக்கு இன்னாத்துக்கு? எம்புள்ள பென்ஷன் வாங்கிகினு வர்ற வரைக்கும் தாங்கணும். அந்த இன்னொண்ணக் குடு."

அந்த இன்னொன்றின் விலைக்கு அவர் தீபாவளிக்கு எடுப்பதாக இருந்த துணிமணி போயிற்று. போகட்டும் என்றார்.

பிரவீன் வந்தது ஆயுத பூஜை சமயம். கம்பெனி கேட்டில் மெட்டல் டிடெக்டருக்கே பொட்டு வைத்துவிட்டு வந்த கன்னியப்பன், வீட்டில் கத்தியைப் படத்துக்கு முன்னால் வைத்தார். அவர் மனைவி சின்னப்பொண்ணு சந்தனத்தைக் குழைத்துத் தாராளமாக அப்பி, மேலே குங்குமம் வைத்தாள். மூட்டு இடுக்கிலெல்லாம் குங்குமம் இறங்கிவிட்டது. பூஜை முடிந்து கன்னியப்பன் அதை எடுத்து மகனிடம் நீட்டப் போனார்.

"கையில குடுக்காத" என்று சின்னப்பொண்ணு அதட்டினாள். "கீழ வையி. அவன் எடுத்துக்கட்டும்."

கத்தியைக் கைக்குக் கை கொடுத்தால் இரண்டு பேருக்கும் ஆகாமல் போய்விடும் என்று அந்த வீட்டில் அரிவாள்மணையைக் கூட அப்படித்தான் வைத்து எடுப்பார்கள். கன்னியப்பன் தரையில் வைத்தார். பிரவீன் குனிந்து எடுத்து, ஒற்றைக் கையால் படக்கென்று திறந்தான். "சோக்கா கீது நைனா" என்றான். அன்றைக்கு கன்னியப்பன் சாப்பிட்ட வடைக்குக் கணக்கே இல்லை.

அப்புறம் வந்த லீவுகளில் எல்லாம் கத்தி பிரவீனின் வலது பாக்கெட்டில் இருந்தது. பனியில் கூடாரக் கயிறு அறுத்தது, ஜெனரேட்டரில் கம்பி மாட்டியது, ஹவில்தாரின் மூக்குக்கண்ணாடியைச் சரி செய்தது என்று அதன் பிரதாபங்களை அவன் சொல்லச் சொல்ல, கன்னியப்பன் அவற்றை டீக்கடையில் ஒரு சுற்றுப் பெரிதாக்கிச் சொன்னார்.

நாலு வருஷம் முடிந்தது. வைத்துக்கொண்டவர்களில் பிரவீன் பேர் இல்லை.

அவன் பெட்டியோடு வந்து இறங்கிய அன்றே கன்னியப்பன் டீக்கடையை மாற்றிக்கொண்டார். ராணுவத்தில் கொடுத்தனுப்பிய மொத்தப் பணம் அவன் அக்கா கல்யாணக் கடனுக்கும் வீட்டுக் கூரைக்கும் போனது. ஓட்டப் பந்தயத்தில் முதலாக வருகிறவன் வேலை கேட்டுப் பல இடம் ஏறி இறங்கினான். கடைசியில் ஒரு கான்ட்ராக்டர் அவனை லைனில் எடுத்துக்கொண்டார். எந்தக் கம்பெனி என்று சொல்லவும் வேண்டுமா?

வேலைக்குச் சேருவதற்கு முந்தின நாள் கன்னியப்பன் மகனுக்குப் பாடம் போல ஒப்பித்தார். கையில் கயிறு கட்டக் கூடாது, மோதிரம் கூடாது, போன் கேமராவில் ஸ்டிக்கர் ஒட்டுவார்கள், முறைக்காதே. கத்தியைப் பற்றி மட்டும் சொல்லவில்லை. மறந்தார் என்று சொல்ல முடியாது. அவர் மனத்தில் அது இன்னும் எல்லையில்தான் இருந்தது. பிரவீனோ பேன்ட் போட்டால் கத்தியை வலது பாக்கெட்டில் போடுகிறவன். கை தானாகப் போட்டிருக்கும்.

மறுநாள் காலை ஷிப்டுக்குப் புது ஆட்கள் வரிசையில் நின்றார்கள். புது பேட்ச் என்பதால் சூப்பர்வைசர் ஸ்ரீதர் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தார். பிரவீன் முறை வந்தது. சொல்லாமலே கால்களை அகட்டி, கைகளைத் தோள் உயரத்துக்கு நேராகத் தூக்கி நின்றான். அத்தனை வருஷத்தில் அந்த கேட்டில் அவ்வளவு ஒழுங்காக யாரும் நின்றதில்லை. டிடெக்டர் வலது பாக்கெட்டில் அலறியது.

இரண்டு பேருக்கும் அந்தக் கணத்தில்தான் உறைத்தது.

"இன்னாது அது?" என்றார் ஸ்ரீதர்.

"கத்தி சார்" என்றான் பிரவீன்.

"மொத நாளே கத்தியா? இன்னா பெருசு, பாத்துகினே நிக்கற? யாரா இருந்தா இன்னா, ரூல் ரூல்தான்."

சொந்தப் பிள்ளை என்று சொல்லலாமா என்று கன்னியப்பனுக்கு வாய் வரை வந்தது. சொன்னால், அப்பனும் பிள்ளையும் கூட்டு என்று பிள்ளைக்கு இன்றைக்கே வேலை போகலாம், அவருக்கும் சேர்த்துப் போகலாம். கையை நீட்டினார்.

பிரவீன் அந்தக் கையில் கொடுக்கவில்லை. மேஜையின் மேல் வைத்தான். வைத்துவிட்டு, எடுத்துக்கொள்ளட்டும் என்று ஓரடி பின்னால் நின்றான்.

"போவட்டும் நைனா" என்றான் மெதுவாக. உள்ளே போய்விட்டான்.

கன்னியப்பன் எடுத்தார். கட்டைவிரலால் தள்ளினார், திறந்தது. முதுகுப் பக்கம் அமுக்கினார், பூட்டு அசையவில்லை. மூட்டு இடுக்கில் சின்னப்பொண்ணு வைத்த குங்குமம் இன்னும் கொஞ்சம் இருந்தது. பென்ஷன் வரைக்கும் உழைத்திருக்கும். நாலு வருஷத்துக்குக் கடைக்காரன் தள்ளிய அந்த மலிவுக் கத்தியே போதுமாக இருந்திருக்கும். அதை மடக்கி, அவரே குனிந்து, நீலக் கூடையில் போட்டார்.