நான் மாற்றிய ஒரு கட்டம்

மூன்றாவது முறை அடித்தபோதுதான் போனை எடுத்தேன். முதல் இரண்டு முறையும் திரையில் ‘செல்வி அக்கா - பஸ்’ என்று பெயர் தெரிந்தது. வீடியோ லிங்க் கேட்கத்தான் கூப்பிடுகிறார், சாயங்காலம் பேசிக்கொள்ளலாம் என்று போனைக் கவிழ்த்து வைத்துவிட்டேன். எடுத்தபோது மணி மூன்று.

“இன்னா கண்ணு, மூஞ்சியப் போட்டுட்டீங்களே,” என்றார்.

குரலில் கோபம் இல்லை. நான் சரிசெய்துவிடுவேன் என்ற நம்பிக்கைதான் இருந்தது.

இப்போது எங்கள் நிறுவனத்துக்கு வருடா வருடம் அப்ரண்டிஸ்கள் வருகிறார்கள். என் முதல் வருடத்தைப் பற்றிக் கேட்பார்கள். வேடிக்கையான இரண்டு சம்பவங்களைச் சொல்லித் தப்பித்துவிடுவேன். இதை யாரிடமும் முழுதாகச் சொன்னதில்லை. அவர்களுக்காகவே எழுதுகிறேன்.

1. ஷீட்டும் ஃபார்மும்

நான் சேர்ந்தது மீடியா மேனேஜ்மென்டில் பி.பி.ஏ., அப்ரண்டிஸ்ஷிப்போடு சேர்ந்த டிகிரி. திங்கள், செவ்வாய் காலேஜ். புதன் முதல் சனி வரை தி.நகரில் ஒரு வெப் சேனல் ஆபீஸ். துணிக்கடைகளுக்குப் பின்தெருவில் இரண்டாவது மாடி. வேலையில் என்ன செய்தேன் என்று வாராவாரம் லாக் புக்கில் எழுத வேண்டும். புரொடக்‌ஷன் மேனேஜர் ஜெயந்தி மேடம் அதில் கையெழுத்துப் போடுவார். அந்தக் கையெழுத்துகளுக்கும் மார்க் உண்டு.

மந்தைவெளியில் எங்கள் வீடு. அப்பா ஸ்கூல் வேன் ஓட்டுகிறார். “படிச்சிக்கிட்டே மேனேஜர் ஆகுறா” என்று வேனில் ஏறும் குழந்தைகளின் அம்மாக்களிடமெல்லாம் சொல்லி வைத்திருந்தார்.

எனக்குக் கொடுத்தது கோஆர்டினேஷன் வேலை. கேமரா முன்னால் பேசுகிறவர்களிடம் ரிலீஸ் ஃபார்ம் என்கிற சம்மதப் படிவத்தில் கையெழுத்து வாங்குவது, அதில் உள்ளதை எடிட் ஷீட்டில் ஏற்றுவது. யார் முகத்தைக் காட்டலாம், யார் பெயரை மறைக்க வேண்டும் என்பதெல்லாம் அந்த ஷீட்டில் இருக்கும். எடிட்டர் ஃபார்மைப் பார்க்க மாட்டார். ஷீட்டைத்தான் பார்ப்பார்.

அடையாற்றுக் கரையிலிருந்து ஊருக்கு வெளியே குடியமர்த்தப்பட்டு, வேலைக்கு மட்டும் தினமும் பழைய இடத்துக்கே வரும் பெண்களைப் பற்றி ஒரு வீடியோ எடுத்தோம். பேச ஆள் பிடிப்பது என் பொறுப்பு. பலர் மறுத்துவிட்டார்கள். செல்வி அக்காவும் நான் மூன்று நாள் அவர் கூடவே பஸ்ஸில் போய் வந்த பிறகுதான் ஒப்புக்கொண்டார். அடையாறில் ஒரு அபார்ட்மென்டின் ஆறாவது மாடியில் சமையல் வேலை செய்தார். வேலைக்காரர்களுக்கான லிஃப்ட் ரிப்பேராகி மாசக்கணக்கில் கிடந்தது. மற்ற லிஃப்டில் அவர்கள் ஏறக் கூடாது. முட்டி வலியோடு ஆறு மாடி ஏறுவதைத்தான் அவர் கேமரா முன்னால் சொன்னார்.

“மூஞ்சி மட்டும் தெரிய வேணாம் கண்ணு. அந்தூட்டு அம்மா எந்நேரமும் போன் பாத்துக்கினே கீறாங்க,” என்றார்.

“தெரியாதுக்கா, நான் கேரன்டி.”

ஃபார்மில் பேனாவால் எழுதினேன்: முகம் மறைக்கவும். அவர் கையெழுத்துப் போட்டார்.

சனிக்கிழமை பதினெட்டு பேரின் விவரத்தை ஷீட்டில் ஏற்றினேன். திங்கட்கிழமை காலேஜில் ஒரு பிரசன்டேஷன் இருந்தது. அதன் ஸ்லைடுகள் பக்கத்து விண்டோவில் திறந்திருந்தன. முதல் கட்டத்தில் ‘முகம் காட்டலாம்’ என்று அடித்து, கடைசி வரிசை வரை மவுஸால் இழுத்துவிட்டேன். பதினெட்டு கட்டத்திலும் அதே வார்த்தை விழுந்தது. அக்காவுடையதை மட்டும் பிறகு திருத்தலாம் என்று நினைத்தது ஞாபகம் இருக்கிறது. திருத்தவில்லை.

2. மூன்று மணி ஏழு நிமிடம்

புதன்கிழமை காலை பதினொரு மணிக்கு வீடியோ வெளியானது. மூன்று மணிக்குத்தான் அக்காவின் போனை எடுத்தேன். “பாக்குறேன்க்கா” என்று வைத்துவிட்டு ஷீட்டைத் திறந்தேன். அக்காவின் பெயருக்கு நேரே ‘முகம் காட்டலாம்’.

உடனே எழுந்து மேடத்திடம் போயிருக்க வேண்டும். அதற்கு முன்னால் அந்தக் கட்டத்தை ‘முகம் மறைக்கவும்’ என்று மாற்றினேன். பயத்தில் கை தானாகச் செய்துவிட்டது என்று ரொம்ப நாள் எனக்கே சொல்லிக்கொண்டேன். அது பொய். யாராவது பார்க்கிறார்களா என்று திரும்பிப் பார்த்துவிட்டுத்தான் அடித்தேன்.

அதன் பிறகு மேடத்திடம் ஓடினேன். அவர் ஐந்து நிமிடத்தில் வீடியோவை நீக்க வைத்தார். அப்புறம் எடிட்டர் டேவிட் அண்ணாவைக் கூப்பிட்டார். டேவிட் அண்ணா கான்ட்ராக்டில் இருந்தவர். அதற்கு முந்தைய மாதம் ஒரு வீடியோவில் அவர் ஒருவருடைய பெயரைத் தப்பாகப் போட்டு பிரச்சினை ஆகியிருந்தது.

“ஷீட்ல தெளிவா இருக்கே டேவிட். மறைக்கணும்னு போட்டிருக்கே.”

“நான் பாக்கசொல்ல அப்படி இல்ல மேடம். காட்டலாம்னுதான் இருந்துச்சு.” என் பக்கம் திரும்பினார். “நித்யா, நீயே சொல்லும்மா. நீதான ஏத்துன.”

“மறைக்கணும்னுதாண்ணா போட்டிருந்தேன்.”

அவர் என்னையே பார்த்தார். பிறகு ஸ்கிரீனைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் பார்த்தார்.

மாதக் கடைசியில் அவருடைய கான்ட்ராக்டைப் புதுப்பிக்கவில்லை. செல்வி அக்காவை அந்த வீட்டில் மறுநாளே வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். வீடியோ வெளியான வார லாக் புக்கில் மேடம் எழுதினார்: ‘நெருக்கடியை நிதானமாகக் கையாண்டார்.’

3. நான் செய்த கேஸ் ஸ்டடி

இத்தோடு நின்றிருந்தால்கூடப் பயந்த பெண் என்று என்னை நானே மன்னித்திருப்பேனோ என்னவோ. செமஸ்டர் கடைசியில், வேலை இடத்தில் நடந்த ஒரு பிரச்சினையை எடுத்து ஆராய வேண்டும் என்றார்கள். எனக்கு வேறு எதுவும் தோன்றவில்லை. ‘போஸ்ட் புரொடக்‌ஷனில் மனிதத் தவறு’ என்று தலைப்புக் கொடுத்து, டேவிட் அண்ணாவை ‘எடிட்டர் ஏ’ ஆக்கி, இனி இப்படி நடக்காமலிருக்க எடிட்டருக்கு என்ன பயிற்சி தர வேண்டும் என்று ஒரு ஸ்லைடு போட்டேன்.

வைவாவுக்கு வெளியிலிருந்து வந்த எக்ஸாமினர் நிதானமாகக் கேட்டார். “எடிட்டர் தான் பார்த்தப்ப வேற மாதிரி இருந்ததுன்னு சொன்னாரா?”

“ஆமா சார்.”

“அந்த ஷீட்ல யார் எப்ப மாத்தினாங்கன்னு ஹிஸ்டரி இருக்குமே. பார்த்தீங்களா?”

“பார்க்கலை சார்.”

“யாருமே பார்க்கலையா?” என்று கேட்டுவிட்டு, என் பதிலுக்குக் காத்திருக்காமல் அடுத்த பக்கத்தைத் திருப்பினார். நல்ல கிரேடு போட்டார். வெளியே வந்து பாத்ரூமில் முகம் கழுவினேன். கண்ணாடியைப் பார்க்க முடியவில்லை. அப்பா போன் செய்தார். கிரேடைச் சொன்னதும் வேனில் இருந்த பிள்ளைகளைக் கைதட்டச் சொன்னார். போனில் கைதட்டல் கேட்டது.

அதற்கு மேல் என்னால் தாங்க முடியவில்லை.

4. பாலவாக்கம்

டேவிட் அண்ணா பாலவாக்கத்தில் ஒரு ஸ்டூடியோவில் கல்யாண வீடியோ எடிட் செய்துகொண்டிருந்தார். ஞாயிறு காலையில் போனேன். வாசலிலேயே நின்றபடி எல்லாவற்றையும் சொன்னேன். அவர் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

“ரெண்டு மாசமா என் கண்ணு மேலயே எனக்கு சந்தேகம்மா,” என்றார். “கண் டாக்டராண்ட போய்ட்டு வந்தேன். இங்க ஒரு பேர் போடறதுக்கு நாலு வாட்டி செக் பண்றேன். ஓனர் கத்துறாரு, ஏன்யா இவ்ளோ லேட்டுன்னு.”

“மன்னிச்சிருங்கண்ணா.”

“என்னாண்ட சொல்லி இன்னா ஆகப்போவுது? மேடமாண்ட சொல்லு. நான் கூட வர மாட்டேன், நீயே போ.”

புதன்கிழமை போய்ச் சொன்னேன். மேடம் ஷீட்டைத் திறந்து ஹிஸ்டரியை அழுத்தினார். என் பெயர், மூன்று மணி ஏழு நிமிடம், பழைய வார்த்தை, புது வார்த்தை எல்லாம் இருந்தது.

“இதைத் திறந்து பார்க்க எனக்கு ஒரு நிமிஷம் ஆகியிருக்கும்,” என்றார். “படிக்கிற பொண்ணு பொய் சொல்ல மாட்டா, அவன்தான் சமாளிக்கிறான்னு நானா முடிவு பண்ணிட்டேன். அவருக்கு நான் என்ன பதில் சொல்றது நித்யா?”

காலேஜுக்கும் அவரே எழுதினார். என் கிரேடு ரத்தானது. அந்த செமஸ்டரைத் திரும்பப் படித்தேன்; கூடப் படித்தவர்கள் டிகிரி வாங்கும்போது நான் கிளாஸில் இருந்தேன். டேவிட் அண்ணாவிடம் மேடம் நேரில் போய் மன்னிப்புக் கேட்டு, திரும்ப வரச் சொன்னார். தவறு தன்னுடையதல்ல என்று ஒரு கடிதம் மட்டும் அண்ணா வாங்கிக்கொண்டார். வரவில்லை. அப்பா என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. வேனில் என்னைப் பற்றிப் பேசுவதை மட்டும் நிறுத்திக்கொண்டார்.

5. செல்வி அக்கா சொன்னது

செல்வி அக்காவின் வீட்டுக்குக் கடைசியாகத்தான் போனேன். அவரைப் பார்க்கத்தான் அதிக பயம். ஒரு ஆஸ்பத்திரியில் தரை துடைக்கும் வேலை கிடைத்திருந்தது. நாற்காலி எடுத்துப் போட்டு உட்காரச் சொன்னார். நான் சொல்லி முடித்ததும் கேட்டார்:

“அன்னிக்கி மொத வாட்டி நான் போன் பண்ணசொல்ல ஏன் எடுக்கல?”

கையிலிருந்த போனைப் பைக்குள் போட்டேன்.

“பன்னெண்டு மணிக்கு அடிச்சேன். பக்கத்தூட்டுக்காரி அப்பத்தான் காட்டுனா. அந்தம்மா ரெண்டு மணிக்கு மேலதான் பாத்தாங்களாம். நீ எடுத்திருந்தா அதுக்குள்ள தூக்கியிருப்பீங்கல்ல?”

நான் பொய் சொன்னதைப் பற்றி அவர் ஒன்றுமே கேட்கவில்லை. அந்த இரண்டு மணி நேரத்தைப் பற்றித்தான் கேட்டார். போகும் வழியெல்லாம் அந்தக் கட்டத்தை மாற்றியதற்கே மன்னிப்பு யோசித்துக்கொண்டு போயிருந்தேன். அவருடைய போனைக் கவிழ்த்து வைத்தது அதுவரை ஒரு தப்பாகவே எனக்குத் தோன்றியிருக்கவில்லை.

“இன்னும் எங்கியாச்சும் கீதா அது?” என்றார்.

இருந்தது. நெட்டில் வேறு சில பக்கங்கள் அந்த வீடியோவை எடுத்துப் போட்டிருந்தன. எல்லாவற்றையும் நீக்க வைக்கிறேன் என்றேன். கேரன்டி என்ற வார்த்தை வாய்வரை வந்தது. சொல்லவில்லை.

புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். ஷீட்டில் ஏற்றுகிற ஒவ்வொரு வரிசைக்கும் பின்னால் உங்களை நம்பி வாய் திறந்த ஒரு ஆள் இருக்கிறார். அவர் கூப்பிட்டால் முதல் முறையே எடுங்கள். தப்பு செய்திருந்தால் திரையைத் தொடாமல் எழுந்து போய்ச் சொல்லுங்கள். அதன் பிறகு கிடைக்கிற திட்டு சின்னது.

அக்காவின் முகத்தை இப்போதும் அவ்வப்போது தேடுகிறேன். போன மாதம் ஒரு பக்கத்தில் கண்ணில் பட்டது, யாரோ மேலே சிரிக்கிற பொம்மை ஒட்டியிருந்தார்கள். நீக்கச் சொல்லி எழுதியிருக்கிறேன். இன்னும் பதில் வரவில்லை.