காளியம்மா திருடவில்லை என்பதற்குத் தனி விலை

அம்சவல்லி அக்கா கெட்ட வார்த்தை பேசமாட்டார். அதற்கு அவசியம் வந்ததில்லை. வயது ஐம்பத்திரண்டு, உயரம் ஐந்தடிக்கும் குறைவு, காலில் முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ். மலைச்சரிவின் அடியில் நின்று அவர் ஒரு குரல் கொடுத்தால், மேலே கொழுந்து வெட்டிக்கொண்டிருக்கும் பங்களாதேஷ்காரரும் நேப்பாளியும் இயந்திரத்தை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்ப்பார்கள். தேயிலைத் தோட்டத்தில் அவர் மண்டோர், வேலையாட்களை மேற்பார்க்கும் ஆள். எங்கள் பக்கத்தில் பெண் மண்டோர் அவர் ஒருவர்தான். தமிழ், மலாய், கொஞ்சம் வங்காளி, கொஞ்சம் நேப்பாளி என்று நான்கு மொழியில் திட்டுவார். திட்டு வாங்கியவர்களுக்குக் காய்ச்சல் என்றால், தானே வேனில் ஏற்றி தானா ராத்தா டவுன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதும் அவர்தான்.

தொழிலாளர்களின் உடைந்த கைப்பேசிகளைப் பையில் அள்ளிக்கொண்டு மாதம் ஒருமுறை என் கடைக்கு வருவார். நான் அஸார். தானா ராத்தாவில் கைப்பேசிக் கடை வைத்திருக்கிறேன். அதே வரிசையில் மூன்றாவது கடை என் வாப்பா மீரானுடைய சாப்பாட்டுக் கடை. எனக்கு முப்பத்தாறு வயதாகிறது, இன்னும் வீடியோ கேம் விளையாடுகிறேன். இதில் எனக்கு வெட்கம் ஒன்றும் இல்லை.

இரண்டு வருடங்களுக்கு முன்பு கோலாலம்பூரிலிருந்து தர்மா என்கிற தம்பி வந்தான். அவனுடையது ஒன்பது பேர் கொண்ட சின்ன நிறுவனம். தேயிலைத் தோட்டத்துத் தமிழர் வாழ்க்கையை வைத்து ஒரு கேம் செய்யப்போகிறார்களாம், பெயர் ‘ஏழாம் நம்பர் மலை’. என் கடையில் அக்கா ஒருவனைத் திட்டுவதைக் கேட்டுவிட்டு, “அக்கா, இந்தக் குரல்தான் எனக்கு வேணும்” என்று கையைப் பிடித்துக்கொண்டான். அக்கா குரலை மட்டும் கொடுக்கவில்லை. தன் அம்மாவின் கதையையும் தூக்கிக் கொடுத்தார்.

அக்காவின் அம்மா காளியம்மா. எழுபத்தெட்டு வயது, அதே தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீட்டில், மகளோடு இருக்கிறார். இளவயதில் கொழுந்து நிறுக்கும் இடத்தில், தோட்டத்துக் கணக்கரான கிராணி தராசில் கைவைக்கிறான் என்று எல்லார் முன்னாலும் சொன்ன பெண். அடுத்த வாரமே அவர் வீட்டுக்குப் பின்னால் தோட்டத்து உர மூட்டைகள் இரண்டு ‘கண்டெடுக்கப்பட்டன’. திருடி என்று முத்திரை குத்தி, மூன்று வயது அம்சவல்லியோடு லயத்தை விட்டு விரட்டினார்கள். மூட்டைகளை அங்கே போட்டதே அந்தக் கிராணிதான் என்பது பிறகு வெளிவந்தது. பக்கத்து ஊரான பிரிஞ்சாங்கின் காய்கறித் தோட்டக்காரர்களுக்கு லோரி லோரியாக உரம் விற்றுக்கொண்டிருந்தவன் அவன். காளியம்மாவைத் திரும்பக் கூப்பிட்டுக்கொண்டார்கள்.

இந்தக் கதையைக் கொடுக்கும்போது அக்கா போட்ட நிபந்தனை ஒன்றே ஒன்று.

“எங்கம்மா பேர மாத்தக் கூடாது. காளியம்மான்னுதான் இருக்கணும். நம்ம வூட்டு நம்பரும் அப்படியே இருக்கணும். பொய்ப் பேரு போட்டா நான் வரல.”

தர்மா சந்தோஷமாகத் தலையாட்டினான். ஏன் ஆட்டமாட்டான்? அக்கா செய்த ஒரே தவறு அது. அம்மாவின் பெயர் காணாமல் போய்விடக் கூடாது என்றுதான் பயந்தார். அந்தப் பெயரை வைத்து என்ன செய்வார்கள் என்று அவருக்கு யோசிக்கத் தோன்றவில்லை. எனக்கும் தோன்றவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்கா வீட்டு முன்னறையில் ஜன்னலுக்கெல்லாம் கம்பளி தொங்கவிட்டுக் குரல் பதிவு செய்தார்கள். காளியம்மாவாகப் பேசியது அக்கா. காலையில் திருட்டுப் பழி விழுந்து வெளியேறும் பகுதி. மத்தியானம் உண்மை வெளிவரும் பகுதி. நடுவில் அக்கா எல்லாருக்கும் கோழிக் குழம்பு வைத்துச் சோறு போட்டார். ஒயர்களைச் சரிபார்க்கப் போயிருந்த நானும் அந்தச் சோற்றைத் தின்றேன். அதனால்தான் இவ்வளவு உறுதியாகச் சொல்கிறேன். இரண்டும் ஒரே நாளில் பதிவானவை.

இந்த வருடம் ஜூனில் கேம் வெளிவந்தது. அக்காவுக்குக் கால் தரையில் படவில்லை. தோட்டத்துக் கோயில் மண்டபத்தில் எல்லாருக்கும் போட்டுக் காட்ட வேண்டும் என்றார். நான் புரொஜெக்டர் கொண்டுபோனேன். ஞாயிறு மத்தியானம், எழுபது எண்பது பேர், பிளாஸ்டிக் நாற்காலிகள், அக்கா செலவில் மீகூன் சேமியாப் பொட்டலம். காளியம்மா மட்டும் முட்டிவலி என்று வீட்டிலேயே இருந்துவிட்டார். நல்லவேளை.

நான் விளையாட, திரையில் எங்கள் மலை விரிந்தது. பனி, லயம், கோயில், எல்லாம் அச்சு அசல். காளியம்மா பேச ஆரம்பித்ததும் மண்டபம் கைதட்டியது. உர மூட்டைகள் கிடைத்தன. “திருடி, திருடி” என்று லயமே கத்தியது. பெண் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு காளியம்மா சரிவில் இறங்கிப் போனார். திரை இருண்டது. எழுத்து வந்தது: ‘காளியம்மா உண்மையிலேயே திருடினாளா? விடை, கூடுதல் அத்தியாயத்தில். தீபாவளிக்கு. 25 வெள்ளி மட்டும்.’

மட்டும்! இன்றைக்கும் அந்தச் சொல்லை நினைத்தால் எனக்கு வயிறு எரிகிறது.

மண்டபத்தில் யாரும் எழுந்திருக்கவில்லை. மீதி இருக்கிறது என்று நினைத்து உட்கார்ந்திருந்தார்கள். பின்வரிசையில் ஒரு இளசு மட்டும், “அப்ப கெழவி எடுத்துச்சா, எடுக்கலையா?” என்று கேட்டுச் சிரித்தது. அக்கா அவனைத் திட்டவில்லை. அவர் யாரையாவது திட்டாமல் விட்டதை அன்றுதான் முதல்முறையாகப் பார்த்தேன். வீட்டுக்குப் போய் அம்மாவிடம், “ரொம்ப நல்லா இருந்துச்சும்மா” என்று பொய் சொன்னார்.

நான் கூடுதல் அத்தியாயங்களுக்கு எதிரி இல்லை. ஒரு கேம் வெளிவந்து, ஜனங்களுக்குப் பிடித்து, பிறகு உட்கார்ந்து புதிதாக உழைத்து இன்னொரு பகுதி செய்தால் முதல் ஆளாகக் காசைக் கட்டுவேன். வாப்பா கடையில் இரண்டாவது ரொட்டிக்கு யாரும் சண்டை போடுவதில்லை. ஆனால் முதல் ரொட்டிக்கு ஊற்ற வேண்டிய குழம்பை அடுப்படியில் ஒளித்து வைத்துவிட்டு, பாதி தின்றவரிடம் போய், “குழம்பு வந்திருக்கு, அதுக்குத் தனி” என்று சொன்னால்? வாப்பாவைக் கடையோடு மலையிலிருந்து உருட்டிவிட்டிருப்பார்கள். கேம்காரர்கள் செய்தால் மட்டும் அதற்குப் பெயர் வியாபாரமாம்.

அடுத்த வாரம் நிறுவனத்தின் விளம்பரம் வந்தது. ‘ரசிகர்களின் ஏகோபித்த வேண்டுகோளுக்கு இணங்க உருவாகிறது காளியம்மாவின் அடுத்த அத்தியாயம்.’ உருவாகிறதாம். எந்த ரசிகன் கேட்டான்? நாங்கள் கோழிக் குழம்பு சாப்பிட்ட அன்றைக்கே உருவாகி முடிந்த ஒன்றை!

கேம் நன்றாக ஓடியது. ஓட ஓட இங்கே ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். ஆகஸ்டில் ஒரு சனிக்கிழமை ஜொகூரிலிருந்து ஒரு இளம் ஜோடி தங்கள் கெரெத்தாவை, அதாவது காரை, நிறுத்திவிட்டு, வீட்டு நம்பரைத் தேடிப் பிடித்து வந்தது. காளியம்மா வாசலில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். அவருக்குக் காது மந்தம். வந்தவர்கள் மரியாதையாகத்தான் பேசினார்கள். பக்கத்தில் உட்கார்ந்து படம் எடுத்துக்கொள்ளலாமா என்று சைகையால் கேட்டார்கள். கிழவி தலைமுடியை ஒதுக்கிக்கொண்டு பொக்கை வாய் தெரியச் சிரித்தார். அன்று சாயங்காலம் அந்தப் படம் ஊரெல்லாம் சுற்றியது. கீழே எழுதியிருந்தார்கள்: ‘உர மூட்டை திருடியோடு ஒரு செல்ஃபி. கிழவி எவ்வளவு சந்தோஷமா இருக்கு பாருங்க.’

அக்கா படத்தோடு என் கடைக்கு வந்தார். “அந்தத் தர்மாவ வரச் சொல்லு அஸாரு. நான் கூப்பிட்டா ஏதாவது பேசிருவேன். நீ கூப்பிடு.”

மறுநாளே வந்தான். அதைச் சொல்லத்தான் வேண்டும், ஓடி ஒளியவில்லை. அக்கா வீட்டு வாசலில் நின்று நிதானமாகப் பேசினான். இரண்டு வருடம் ஒன்பது பேர் சம்பளம் இல்லாமல் வேலை செய்ததும், முழுசாக ஒரே விலைக்கு விற்றால் கடன்கூட அடையாது என்பதும், எல்லாப் பெரிய நிறுவனங்களும் இப்படித்தான் முன்கூட்டியே பிரித்துத் திட்டம் போடுகின்றன என்பதும் அவன் நியாயங்கள். அவன் சொன்னதில் பொய் இல்லை. அவன் கன்னம் ஒட்டிப் போயிருந்ததை நானே பார்த்தேன். ஆனால் வயிற்றுப்பாட்டுக்கு அறுத்து விற்க அவனுக்குக் கிடைத்தது இந்தக் கிழவியின் பேரா?

“விளையாட்ட ரெண்டா வெட்டு, மூனா வெட்டு, எனக்கென்னலா?” என்றார் அக்கா. “எங்கம்மா திருடின பாதிய எல்லாருக்கும் குடுத்துட்டு, திருடாத பாதிய நீ எப்படிலா பூட்டி வச்சே?”

தர்மா சட்டைப் பையிலிருந்து ஒரு அட்டையை எடுத்து இரண்டு கையாலும் நீட்டினான். “அக்கா, உங்களுக்காக அந்த அத்தியாயத்த முன்கூட்டியே கொண்டாந்திருக்கேன். இதுல அதத் தெறக்குற கோட் நம்பர் இருக்கு. நீங்களும் பாட்டியும் காசு கட்ட வேணாம்.”

அக்கா அதை வாங்கவில்லை.

“எனக்கு எதுக்குடா இது? எங்கம்மா திருடலன்னு எனக்குத் தெரியும். தெரியாதவனுக்குக் குடு!”

அந்தக் குரல் மந்தக் காதுக்கும் எட்டிவிட்டது. காளியம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு வாசலுக்கு வந்தார். “என்னாடி திருட்டு? யாரு திருடுனா?”

அக்கா என்னைப் பார்த்தார். நான் தர்மாவைப் பார்த்தேன். கடைசியில் அக்காதான் அம்மாவின் காதோரம் குனிந்து, ஒன்றுவிடாமல் சொன்னார். விளையாட்டு, மண்டபம், செல்ஃபி, எல்லாம். கிழவி அழவில்லை. கீரை ஆயும் பலகையில் மெதுவாக உட்கார்ந்தார்.

“அப்ப நான் எடுக்கலன்னு எப்ப சொல்லுவானாம்?”

“தீபாவளிக்குங்க, பாட்டி” என்றான் தர்மா.

“எல்லாருக்குமா?”

அவன் கையிலிருந்த அட்டையைத் திருப்பிச் சட்டைப் பையில் போட்டான்.

“காசு குடுத்தவனுக்கு மட்டும்தாம்மா” என்றார் அக்கா.

காளியம்மா அவனை ஏறிட்டுப் பார்த்தார். “தம்பி, என்னைய வெரட்டுனானே அந்தத் தோட்டத்துத் தொரை, அவன் நல்லவன் இல்ல. ஆனா கிராணி மாட்டுன மறுநா காலையில பெரட்டுக்கு எல்லாரையும் நிக்க வச்சான். காளியம்மா திருடல, தப்பு எங்களுதுன்னு கத்திச் சொன்னான். வேலைக்கு வராதவன் வூட்டுக்குக்கூட ஆள் அனுப்பிச் சொன்னான். ஒருத்தன்கிட்டயும் சல்லிக்காசு கேக்கல.”

பெரட்டு என்றால் வேலைக்குப் போகுமுன் எல்லாரையும் வரிசையில் நிறுத்திப் பேர் கூப்பிடும் இடம். கோலாலம்பூர்க்காரனுக்கு அந்தச் சொல் தெரிந்திருக்கும், கேமில் அப்படியே வரைந்து வைத்திருக்கிறானே.

அக்கா என் பக்கம் திரும்பினார். “அஸாரு, ஃபோன எடு. அம்மா சொல்லட்டும்.”

“அக்கா, வேணாங்க” என்று தர்மா முன்னால் வந்தான். “முடிவு வெளிய போயிட்டா யாரு வாங்குவாங்க? கதைய வெளிய சொல்லமாட்டேன்னு நீங்க கையெழுத்து போட்டிருக்கீங்க. கேஸ் ஆயிரும். ஒம்பது பேரு பொழப்பு, அக்கா.”

“கையெழுத்து நான்தானே போட்டேன்? எங்கம்மா போட்டுச்சா?” அக்கா இடுப்பில் கைவைத்து அவனை மறித்து நின்றார். “என் மேல கேஸ் போடு. கோர்ட்டுக்கு நான் வரேன்.”

எனக்கும் பயம் இல்லாமல் இல்லை. கடை, குடும்பம், வழக்கு என்றால் வாப்பா என்ன சொல்வார் என்றெல்லாம் ஓடியது. ஆனால் அந்தச் செல்ஃபியில் கிழவி சிரித்த சிரிப்பு கண் முன்னால் நின்றது. கைப்பேசியைத் தூக்கிப் பிடித்துச் சிவப்புப் பொத்தானை அழுத்தினேன்.

காளியம்மா முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு நேராக உட்கார்ந்தார். வாயைத் திறந்தவர், பேசாமல் மகளைப் பார்த்தார்.

“இத கேக்குறவங்க காசு கட்டணுமாடி?”

“வேணாம்மா.”

“அப்பன்னா சொல்றேன்.”