வசந்தா வச்ச வெரல்

எங்க கம்பெனி செக்யூரிட்டி பொண்டாட்டி சொல்றதுல பாதி பொய்யி மேரி, நம்பாத. நான் மயக்கம் போட்டு வுழுந்தேனாமே! நானா? ஆடிப்போயி சேர்ல குந்திகினது மேனேஜரு. நான் நின்ன எடத்துலயே நின்னேன். எனக்கு பேயி பிசாசு எதுலயும் நம்பிக்க கெடயாது, இப்பவும் கெடயாது. சுடுகாட்ட ஒட்டி இருந்த தோல் பதனிடற டேனரில எளவயசுல வேல செஞ்சவ நானு, ஒரு நெழலக்கூட பாத்ததில்ல. நீ நர்சு, சிரிப்ப. சிரி, ஆனா முழுசா கேட்டுட்டு சிரி.

எங்க ஷூ கம்பெனி கேட்டுல வெரல் வைக்கிற மிஷினு இருக்குது. வெரல் வச்சா பச்ச லைட்டு எரிஞ்சி, உள்ளருந்து ஒரு பொம்பள கொரலு தேங்க்யூன்னும். அந்த தேங்க்யூ வந்தாதான் வேலைக்கி வந்ததா கணக்கு. டேனரி சுண்ணாம்புத் தண்ணில ஊறுன எங்க கையில ரேகை எங்க இருக்குது? இதோ தொட்டுப் பாரு, கரைஞ்ச சோப்பு மாதிரி. செவப்பு லைட்டே எரியும், நாங்களும் பொடவைல தொடச்சி தொடச்சி வைப்போம், சில நாளு ரெண்டு தடவ எடுத்துக்கும். அப்ப கம்ப்யூட்டர்ல ஒரே ஆளுக்கு ரெண்டு வரி வந்துரும். அத அழிக்கிறதுதான் வந்தது போனது கணக்கு பாக்குற டைம் ஆபீஸ்ல எம் பேத்தி செல்விக்கி காலைல மொத வேல. முன்னால வந்த வரிய வுட்டுட்டு பின்னால வந்தத அழிக்கணும், அதான் அங்க ரூலு. எம்மாம் வேகமா தட்றா தெரியுமா? குடியாத்தத்துல ஒரு நல்ல எடத்துல அவள பொண்ணு கேக்கறாங்க, அத அப்புறம் சொல்றேன்.

வசந்தாவ தெரியுமில்ல, எம் பக்கத்துல குந்தி ஷூ மேல்தோல்ல நூல் வெட்டிகினு இருந்தாளே, போன ஆடில செத்துட்டாளே, அவதான். மிஷினு புதுசா வந்தப்ப ஆளுக்கு ரெண்டு வெரல் பதியணும்னாங்க, ஒண்ணு எடுக்கலன்னா இன்னொண்ணு வைக்கலாம்னு. எனக்கு கட்ட வெரல் ஒண்ணுதான் எடுத்திச்சி. மிச்ச எதையும் மிஷினு கண்டுக்கல. பதியிற ஆளு கடுப்பாகி டீ வாங்க அந்தாண்ட திரும்புனான். பின்னாடி நின்ன வசந்தா, "தள்ளு கன்னிம்மா, எங்கிட்ட ஒரு நல்ல வெரல் கெடக்குது"ன்னு அவ மோதர வெரல வச்சிட்டா. தேங்க்யூன்னிச்சி! லைனே சிரிச்சிது. ஆக எம் பேர்ல ரெண்டாவது வெரலு அவளுது. அவ செத்தப்ப அந்த கைய நானேதான் கழுவி வுட்டேன் மேரி. பொதச்சிட்டு வந்துட்டாங்க.

பொங்கல் கழிஞ்சி எம் பேர்ல தெனம் ரெண்டு வரி.

"ஆயா, ஒருக்கா வச்சா போதாதா?"ன்னா செல்வி.

"ஒருக்காதான்டி வைக்கிறேன்."

"அப்ப ரெண்டாவது வெரல வைக்கிறது யாரு? அது கட்ட வெரல் இல்லன்னு காட்டுது ஆயா."

எனக்கு சுருக்குன்னிச்சி. மிஷினு தப்பா காட்டுதுடின்னுட்டு வேலைக்கி போய்ட்டேன்.

மேனேஜர் காதுக்கு போச்சி. கூப்ட்டாரு. "யாரோ உம் பேர்ல கை வைக்கிறாங்க, உம் பேத்தி மறைக்கிறா. நாளைக்கி நானே நிக்கப் போறேன். ரெண்டு வரி வந்திச்சின்னா, நீயும் வேணாம் அவளும் வேணாம்"னாரு. கல்யாணம் பேசுற நேரத்துல பொண்ணுக்கு திருட்டுப் பேரா? "நில்லு சார், நானும் நிக்கிறேன்"னேன். அன்னிக்கி சாயந்திரமே அந்த ரெண்டாவது வெரல மிஷின்ல இருந்து அழிக்கச் சொல்லி, பக்கத்துல நின்னு பாத்துட்டுதான் போனாரு.

மறுநாளு நல்ல வெயிலு. பேயி ராத்திரில வரும்பாங்க, இது காலை ஷிப்டுக்கு வந்திச்சி பாரேன்! நான் கட்ட வெரல வச்சேன். தேங்க்யூ. தள்ளி வந்து ரெண்டு கையும் பின்னால கட்டிகினேன். மிஷினு முன்னால ஒரு ஈ காக்கா இல்ல. நீ நம்பு நம்பாத போ, பச்ச லைட்டு எரிஞ்சிது. தேங்க்யூ.

லைன்ல நின்ன அத்தன பேரும் பின்னால நகர்றாங்க. எனக்கு கோவந்தான் வந்திச்சி. "ஏண்டி வசந்தா, உசுரோட இருந்தப்ப லீவு லீவுன்னு அழுவ, இப்ப ஒரு நாளு லீவு போட மாட்டேன்றியே, எம் பேத்தி பொழப்புல மண்ணு போடவா வர்ற?"ன்னு மிஷினப் பாத்தே கத்துனேன். அப்பதான் மேனேஜரு சேர்ல குந்துனது. தண்ணி குடிச்சிட்டு, "மிஷின் கோளாறு. யாரும் பேசக் கூடாது. மொத வரிய வுட்டு ரெண்டாவத அழிம்மா, அவ்ளோதான்"னு செல்விகிட்ட சொல்லிட்டு போய்ட்டாரு. எங்க ரெண்டு பேரு வேலையும் தப்பிச்சிது.

இதோட வுட்டிருந்தா நானே உனக்கு சொல்லியிருக்க மாட்டேன். முந்தாநாளு செல்வி மொகம் வெளுத்துப் போயி வர்றா. "ஆயா, வரிசை மாறிடுச்சி. அந்த வெரலு முன்னால வருது, உன்னுது பின்னால." புரியுதா மேரி? பின்னால வர்றதுதான அழிக்கணும்? பேரு என்னுது, வேலைக்கி வந்தவ அவ. நான் டூப்ளிகேட்டாம்! பொண்ணு அழுதுகினே எம் வரிய அழிச்சிருக்கா.

வுடுவேனா? இன்னிக்கி கேட்டு தொறக்கறதுக்கு முன்னயே போயி மொத ஆளா நின்னேன். செக்யூரிட்டி சாவியோட வந்தவன் என்ன மேலயும் கீழயும் பாத்தான்.

"இன்னா ஆயா, இப்பதான உள்ள போன? எந்தப் பக்கமா வெளிய வந்த?"

கேட்டு பூட்டிக் கெடக்குது மேரி.

"போனவ போவட்டும், கன்னிம்மா நாந்தான், தொற"ன்னேன். நாளைக்கி இன்னும் முன்ன போவேன். எம் பேர எவளுக்கும் வுட்டுத்தர மாட்டேன், அவ எவ்ளோ தோஸ்தா இருந்தாலும். ஆனா ஒண்ணு, அந்த செக்யூரிட்டி அப்புறம் சொன்னான், உள்ள போனவளும் நான் கட்டியிருக்கற இதே பச்ச பொடவதான்... ஐயோ, கொழாய்ல தண்ணி வந்துட்ச்சி பாரு, கொடத்த நகத்து, நகத்து, அப்புறம் வர்றேன்.