அப்பா குடித்த ஒரு கிளாஸ் தண்ணீர்

சென்ற சனிக்கிழமை என் அப்பா ஒரு கிளாஸ் தண்ணீர் குடித்தார். இதில் எழுதுவதற்கு என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். இருக்கிறது.

அக்காவுக்கு ராஜபாளையத்திலிருந்து ஒரு வரன் வந்திருந்தது. பெயர் ஜெபராஜ். பெண் பார்க்க ஸ்ரீவில்லிபுத்தூருக்கு வந்த அன்றே அக்காவுக்குப் பிடித்துவிட்டது. அவள் சொல்லவில்லை. ஆனால் எப்போதும் பாத்திரத்தை உருட்டுபவள், அன்று அத்தனையையும் ஓசையின்றிக் கழுவி வைத்தாள். எங்கள் வீட்டில் அது பெரிய செய்தி.

இடைஞ்சல், அவர் பார்க்கும் வேலையில்தான். ஒரு நூற்பாலையின் பெண்கள் விடுதிக் கழிவுநீரைச் சுத்திகரித்து, குடிநீராகவே திருப்பித் தரும் பிளான்ட்டுக்கு அவர் பொறுப்பாளர்.

"கக்கூஸ் தண்ணியக் காய்ச்சுற மாப்பிள்ளையா?" என்றார் சித்தப்பா. அதன்பின், ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்ற அப்பா 'பார்ப்போம்' என்று மட்டும் சொன்னார்.

சனிக்கிழமை காலை, "அந்த எடத்த நேர்ல பாத்துட்டு வாரேன்" என்று கிளம்பினார். சித்தப்பாவும் ஒட்டிக்கொண்டார். அக்கா என்னையும் அனுப்பினாள். "ஏட்டி, நீ ஒண்ணும் பேச வேண்டாம். பாத்துட்டு வந்து ஒண்ணு விடாமச் சொல்லு, போதும்."

பேசாமல் இருப்பதா? எனக்கு எளிதில் வருவது அது ஒன்றுதான்.

ஜெபராஜ் ஒவ்வொரு தொட்டியாகக் காட்டினார். முதல் தொட்டியை வருணிக்காமல் விடுவதே நாகரிகம். அடுத்ததில், அழுக்கைத் தின்னும் நுண்ணுயிர்களுக்கு மூச்சுவிடக் காற்று ஊதிக்கொண்டிருந்தார்கள். பிறகு தலைமுடியைவிடப் பல மடங்கு நுண்ணிய துளைகள் கொண்ட சவ்வுகள், ஆர்.ஓ., புற ஊதா விளக்கு... கடைசியில் ஒரு சின்ன எவர்சில்வர் குழாய். அதில் ஒரு கிளாஸ் பிடித்து அப்பாவிடம் நீட்டினார்.

சித்தப்பா பதறிவிட்டார். "அண்ணே! சம்பந்தம் பேசி முடிக்காம நாம கை நனைக்கதில்லல்லா!"

எங்கள் பக்கத்து வழக்கம் அது. மாப்பிள்ளை பார்க்கப் போனவர்கள், முடிவாகும்வரை அங்கே பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கக் கூடாது. குடித்தால் — சம்மதம்.

"ஆமா தம்பி... வழக்கம்..." என்று அப்பா நிம்மதியோடு கையை இழுத்துக்கொண்டார். அருவருப்பை வாய்விட்டுச் சொல்ல முடியாத இடங்களில் பண்பாடுதான் எவ்வளவு கைகொடுக்கிறது!

ஜெபராஜ் வற்புறுத்தவில்லை. கிளாஸை மேசைமேல் வைத்தார். முகம் மட்டும் சற்று வாடியது. இதையும் ஒன்று விடாமல் அக்காவிடம் சொல்ல வேண்டுமா?

பேச்சை மாற்ற விரும்பிய அப்பா, மேசையில் கிடந்த பதிவேட்டைப் புரட்டினார். "இந்த மூணு நாளும் ஏன் ஒண்ணுமே எழுதாமக் கெடக்கு?"

"ஒரு சவ்வு கிழிஞ்சிருச்சு சார். ரீடிங் சரியில்ல. நாந்தான் பிளான்ட்ட நிறுத்திட்டேன்."

"அப்ப தண்ணிக்கு?"

"லாரியில வாங்குனாங்க. மானேஜர் வஞ்சாரு."

"பொறவு?"

"வையட்டும்னு விட்டுட்டேன் சார். லேசான வித்தியாசந்தான், யாருக்கும் தெரிஞ்சிருக்காது. ஆனா அம்புட்டுப் பிள்ளைகளும் இதத்தான குடிக்குது?"

அப்பா பதிவேட்டை மூடி வைத்தார். "அந்தக் கிளாஸ எடுங்க."

"அண்ணே, குடிச்சா முடிஞ்சுபோச்சு, பாத்துக்கிடுங்க!" என்றார் சித்தப்பா.

"தெரிஞ்சுதாம்லே கேக்கேன்."

ஒரே மூச்சில் குடித்தார். கிளாஸைக் கவிழ்த்து வைத்தார்.

"இன்னொரு கிளாஸ் தரட்டுமா... மாமா?" என்றார் ஜெபராஜ். அதுவரை அவருக்கு அப்பா 'சார்'தான். சித்தப்பாவுக்கும் ஒன்று வந்தது. கஷாயம்போல் கண்ணை மூடி விழுங்கினார், பிறகு கண்ணைத் திறந்து, "நம்ம வீட்டுத் தண்ணிய விட நல்லால்லா இருக்கு!" என்றார், சற்றே ஏமாற்றத்துடன்.

வெளியே வந்ததும் அக்காவுக்கு போன் செய்தேன்.

"அப்பா என்னட்டி சொன்னாரு?"

"ஒண்ணும் சொல்லல. ஒரு கிளாஸ் தண்ணி குடிச்சாரு."

மறுமுனையில் ஏதோ ஒரு பாத்திரம் பேரோசையோடு விழுந்து உருண்டது.

அந்தத் தண்ணீர் எந்தத் தொட்டியில் இருந்து வந்தது என்று அவள் இன்றுவரை கேட்கவில்லை.