குறுக்கே கட்டிய நீலச் சேலை

என் அலமாரியின் அடித்தட்டில் ஒரு நீலச் சேலை கிடக்கிறது. நான் ஒருநாளும் அதை உடுத்தியதில்லை. ஒரு ஓரம் முழுக்கக் கயிறு உரசிய தடம். ஈப்போவில் வீடு மாறும்போதெல்லாம் மருமகள் தூக்கிப் போடச் சொல்வாள். காது கேளாதவள்போல மடித்து வைத்துவிடுவேன்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளில், எனக்கு எட்டு வயதிருக்கும்போது, மலாயாவின் தாப்பாப் பக்கம் ஆறு பெருகித் தாழ்வான தோட்டமொன்றை மூழ்கடித்தது. அங்கிருந்தவர்கள் மேட்டிலிருந்த எங்கள் ரப்பர் தோட்டத்துக்கு வந்து சேர்ந்தார்கள். கூலிகளின் வரிசை வீடுகளான லயத்தில் அறைக்கு இரண்டு குடும்பம் என்று கங்காணி ஏற்றிவிட்டார். முதல் வாரம் பாவமென்று சோறு பகிர்ந்தோம்; அடுத்த வாரமே தண்ணீர்க் குழாயடியில் முகம் சுளித்தோம். எங்கள் அறைக்கு வந்தவளைச் சின்னம்மா என்று அழைத்தேன். வெள்ளத்தில் காப்பாற்றிய ஒரே நல்ல சேலையை அறைக்குக் குறுக்கே கட்டி, அம்மா மடியிலிருந்த என் கைக்குழந்தைத் தம்பியைக் காட்டி, "நீங்க தம்பிக்குப் பால் குடுக்கணும்லக்கா, மறைப்பா இருக்கட்டும்" என்றாள்.

வேலையும் பாதியானது. அம்மா பால் வெட்டிய மரவரிசையை அவளும் சின்னம்மாவும் ஒருநாள் விட்டு ஒருநாள் வெட்டவேண்டும். லயத்துக்குப் பக்கத்து வரிசை என்பதால், அம்மா இடையில் ஓடிவந்து தம்பிக்குப் பால் கொடுப்பாள். வெட்டு சரியில்லாவிட்டால் தூரத்து மலைக்காட்டு வரிசைக்கு அனுப்பிவிடுவார்கள். பிறகு சாயங்காலம்வரை குழந்தை பசியில் கிடக்கவேண்டியதுதான்.

தம்பிக்குக் காய்ச்சல் கண்ட அன்று அம்மா அவசரமாக வெட்டிவிட்டு வந்து, "மூணு மரத்துல கத்தி ஆழமா எறங்கிருச்சுங்க" என்று அப்பாவிடம் அழுதாள். சேலைக்கு அந்தப் பக்கம் பேச்சு நின்றது.

இரண்டு நாள் கழித்து, காலையில் ஆள் எடுக்கும் பெரட்டில், மரத்தைக் காயப்படுத்தியது யாரென்று கங்காணி கேட்டார். நானும் அங்கே நின்றிருந்தேன்.

"நான் இல்லீங்க. புதுசா வந்தவங்க வெட்டுதான்" என்றாள் அம்மா.

சின்னம்மா அம்மாவையே பார்த்தாள், வாய் திறக்கவில்லை. திறந்திருந்தாலும் வெள்ளத்தில் வந்தவள் பேச்சு எடுபட்டிருக்காது. அது அம்மாவுக்கும் தெரியும். எனக்கு இன்றுவரை ஆறாதது அதுதான்.

அன்றே அவர்களை மலைக்காட்டுக் குடிசைக்கு அனுப்பினார்கள். அவள் மூட்டை கட்டும்போது அம்மா சேலையை அவிழ்க்கப் போனாள். "இருக்கட்டும்க்கா. தம்பி இன்னும் பால் மறக்கலையே" என்றாள் சின்னம்மா.

அறை முழுதும் மறுபடி எங்களுக்கே வந்தது. ஆனால் அம்மா சேலையை அவிழ்க்கவில்லை. அந்தப் பாதியில் ஒருவரையும் கால்வைக்க விடவில்லை. தோட்டத்தை விட்டு வரும்வரை நாலு பேரும் இந்தப் பக்கமே நெருக்கிப் படுத்தோம்.

இப்போது எனக்குத் தனி அறை, அகலமான கட்டில். சேலை அலமாரியில் இருக்கிறது. நான் இன்னமும் ஒரு பக்கமாக ஒடுங்கித்தான் படுக்கிறேன்.