லிதியாவின் வெறுத்துப்போன நாட்கள்

பன்னிரண்டு வயதில் லிதியாவுக்கு முதல் வகைச் சர்க்கரை நோய் வந்தது. அன்றிலிருந்து அம்மா அசுந்தா அவளிடம் கேட்பதெல்லாம் ஒன்றுதான்: "சர்க்கரை எவ்வளவு?"

பதினெட்டு வயதில் மகோமேர் ஊரில் ஒரு அழகு நிலையத்தில் வேலைக்குச் சேர்ந்தாள். வாடிக்கையாளர்கள் முன்னால் இன்சுலின் ஊசி போடக் கூச்சம். அப்புறம் போடலாம் என்று தள்ளிப்போட்டாள். பிறகு வேண்டுமென்றே விட்டாள். ஒருநாள் வாந்தியும் மூச்சிரைப்புமாக ஆஸ்பத்திரியில் கிடந்தாள். பக்கத்து ஊரான போசாவில் இதே நோயுள்ள இளவட்டங்கள் ஞாயிறுதோறும் கூடுவதாக அங்கிருந்த நர்ஸ் சொன்னாள்.

"அழுமூஞ்சிக் கூட்டத்துல நான் உக்கார மாட்டேன்" என்றாள் லிதியா. அசுந்தா விடவில்லை; காரில் கொண்டுபோய் இறக்கிவிட்டாள்.

ஆற்றங்கரை பீட்சா கடையில் ஆறேழு பேர் இருந்தார்கள். திடீரென்று, சர்க்கரை அளவு மாறினால் எச்சரிக்கும் கருவி ஒன்று கீச்சிட்டது. அத்தனை கைகளும் அவரவர் இடுப்புக்குப் போயின, லிதியாவின் கையும்தான்.

"என்னுதுதான், பதறாதீங்க" என்றான் பகீசியோ என்ற மீசைக்காரப் பையன். "எங்க அக்கா கல்யாணத்துல பாதிரியார் பேசும்போதே கத்துச்சு. மணப்பொண்ணே முறைச்சா."

சிரித்தார்கள். இறங்கிய சர்க்கரையை ஏற்ற அவன் பழச்சாறு குடித்தான். எவ்வளவு என்று யாரும் கேட்கவில்லை. கேட்காததாலோ என்னவோ, லிதியாவுக்கு வாய் திறந்தது.

"நான் ஒரு மாசமா பாதி ஊசி போடல."

பக்கத்திலிருந்த சிமோனா கேட்டாள்: "மறந்துட்டியா, வெறுத்துட்டியா?"

"வெறுத்துட்டேன்."

"எனக்கும் அப்படி வரும்டி."

"வெறுப்பு வந்தா எனக்கு போன் போடு" என்றான் பகீசியோ. "ரெண்டு பேரும் சேர்ந்து நல்லா திட்டிட்டு, அப்புறம் ஊசியைப் போட்டுக்கலாம்."

திரும்பும் வழியில் லிதியா சொன்னாள்: "அம்மா, முதல்ல என்னைப் பத்திக் கேளு. அப்புறம் சர்க்கரையைக் கேளு."

அசுந்தா காரை ஓரங்கட்டி அழுதாள். "பயமா இருக்குடி. வேற என்ன கேக்கறதுன்னே தெரியல." அம்மா அழுது லிதியா பார்த்ததில்லை. இத்தனை வருஷமும் அந்தக் கேள்வியைக் கோபம் என்றே நினைத்திருந்தாள்.

எல்லாம் சரியாகிவிடவில்லை. சில நாள் வெறுப்பு வரும், பகீசியோவைக் கூப்பிடுவாள். குளிர்காலத்தில் ஒரு மதியம் அவனே கூப்பிட்டான்.

"முடியல லிதியா."

தலையில் சாயம் பூசிய ஒரு பெண்மணியை உட்காரவைத்துவிட்டுப் பின்பக்கம் போனாள். அவனோடு சேர்ந்து அந்த நோயை வாய் வலிக்கத் திட்டித் தீர்த்தாள். பிறகு சொன்னாள்:

"சரி, இப்ப போடு. நான் லைன்லயே இருக்கேன்."