மீன் சுடாத தபசு

முழுக் கத்தரிக்காயைக் கரித்தணலில் வைத்தால் சிறிது நேரம் ஒன்றுமே நடக்காது. பிறகு தோல் சுருங்கிக் கருகி, ஏதோ ஓரிடத்தில் மெல்லிய சீறலோடு வெடித்து, உள்ளேயிருந்து புகையும் இனிப்பும் கலந்த ஒரு வாசனை கிளம்பும். அந்த வாசனையை நான் முதன்முதலாக முகர்ந்தது என் பத்தாவது வயதில், புளியந்தோப்பு அவுசிங் போர்டு குடியிருப்பின் மூன்றாவது மாடி நடையில், ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம். அது எனக்குப் பிடித்ததா, அழுகை வந்ததா என்று இப்போதும் சரியாகச் சொல்லத் தெரியவில்லை.

அதுவரை வெள்ளிக்கிழமை என்றால் எனக்கு மீன்தான். நாங்கள் ராயபுரம் கடற்கரைக் குப்பத்துக்காரர்கள். ஈஸ்டருக்கு முந்தைய நாற்பது நாள் தவக்காலத்தை எங்கள் வீட்டில் "தபசு" என்பார்கள். தபசு முழுக்கக் கறி கிடையாது, மீனுக்குத் தடையில்லை. வெள்ளிதோறும் கோயிலில் சிலுவைப்பாதை முடிந்ததும் மணலில் கல் கூட்டி, அதன்மேல் இரும்புக் கம்பித் தட்டைப் போட்டு, மிளகாயும் புளியும் அரைத்துப் பூசிய மீனைச் சுடுவோம். சுடுகிறவர் எப்போதும் என் தாஸ் சித்தப்பாதான். அப்பாவை நான் நைனா என்பேன்; அவருக்கு ஒரே தம்பி. வாலுப் பக்கம் முறுகலாக இருப்பதை எனக்கென்று பிய்த்து, ஊதி ஊதித் தருவார்.

அந்த வருஷத் தபசுக்கு நாலைந்து மாதம் முன்னால், மழைக்காலத்தில், நைனாவும் சித்தப்பாவும் ஒரே படகில் கடலுக்குப் போனார்கள். படகு திரும்பியது, நைனா திரும்பினார், சித்தப்பா திரும்பவில்லை. அவர் விழுந்ததைப் பார்த்தவர் யாருமில்லை. பொழுது விடிந்தபோது படகில் ஓர் ஆள் குறைந்திருந்தது, அவ்வளவுதான். பல நாள் தேடினார்கள். உடல் கிடைக்காததால் அடக்கமும் இல்லை, பூசையும் இல்லை. அவர் மனைவி சகாயம் சித்தி பொட்டை அழிக்கவில்லை. "செத்துட்டாரு" என்ற சொல்லை எங்கள் வீட்டில் ஒருவரும் சொல்லவில்லை. "வந்துருவாரு" என்ற சொல்லும் நாளடைவில் நின்றுபோனது. இரண்டுக்கும் நடுவில் நான் மட்டும், அவரைப் பற்றிப் பேசும்போது "இருக்காரு" என்பதா, "இருந்தாரு" என்பதா என்று விளங்காமல் வாயை மூடிக்கொண்டேன்.

அதன்பிறகு நைனா கடலுக்குப் போகவே இல்லை. புளியந்தோப்பில் விறகும் கரியும் விற்கும் ஒரு விறகுத்தொட்டியில் வேலைக்குச் சேர்ந்து, எங்களையும் அங்கே அழைத்துக்கொண்டார். ராயபுரத்துக்கு ஒரே பஸ்ஸில் போய்விடலாம். ஆனால் காற்றில் உப்பு இல்லை. ஆடு வெட்டும் ஆட்டுத்தொட்டிப் பக்கமிருந்து வரும் வாடையும், சாயங்காலமானால் தெருவில் சுக்கா வறுக்கும் வாசனையும்தான் மாடிவரை ஏறி வந்தன. கடல் வேறு தேசத்துக்குப் போய்விட்டதுபோல இருந்தது எனக்கு.

தபசு தொடங்கும் சாம்பல் புதனன்று நெற்றியில் சாம்பலோடு கோயிலிலிருந்து வந்த நைனா, "இனிமே இந்த வூட்டுல மீனு வோணாம்" என்று அம்மாவிடம் சொன்னார். ஏன் என்று சொல்லவில்லை. அம்மாவும் கேட்கவில்லை. எனக்குத்தான் ஒன்றும் புரியவில்லை. ஞாயிறு மறைக்கல்வி வகுப்பில் டீச்சரிடம் எழுந்து நின்று, மீன் மாமிசமா என்று கேட்டேன். இல்லை என்றார். கோயில் சாமியாரே தின்னலாம் என்று சொல்வதை நைனா கூடாது என்கிறார் என்றால், நைனா சாமியாரைவிடப் பெரிய பக்தரோ என்று நினைத்துக்கொண்டேன். ஆனால் அவர் செபமாலை சொல்லும்போது பாதியில் நிறுத்திவிட்டுச் சுவரையே பார்த்துக்கொண்டிருப்பதையும் பார்த்திருந்தேன்.

முதல் வெள்ளியன்று "சுட்டது வேணும்" என்று நான் அடம்பிடித்து அழுததால்தான் அம்மா அந்தக் கத்தரிக்காயைச் சுட்டாள். விறகுத்தொட்டியிலிருந்து வந்த அடுப்புக்கரி வீட்டில் நிறைய இருந்தது. நடையில் கரி அடுப்பை வைத்து, குப்பத்திலிருந்து கொண்டுவந்த அதே கம்பித் தட்டைப் போட்டு, சுட்ட கத்தரிக்காயின் தோலை உரித்து, சின்ன வெங்காயமும் பச்சை மிளகாயும் துளி புளியும் சேர்த்துப் பிசைந்து, சோற்றோடு தந்தாள். அடுத்த வெள்ளிக்குச் சாம்பலில் புதைத்த சர்க்கரைவள்ளிக் கிழங்கு. அதற்கடுத்தது வாழைக்காய். அம்மா என்ன நினைத்தாளோ, வாழைக்காயைச் சாய்வாக, தடித்த துண்டுகளாக நறுக்கி, மீனுக்குப் பூசுகிற அதே மசாலாவைப் பூசிச் சுட்டாள். தட்டில் அடுக்கியபோது அச்சு அசலாக வஞ்சிரத் துண்டுகள். எனக்கு ஒரே குஷி. நைனா குனிந்து பார்த்தார்.

"இன்னா இது?"

"வாழக்காதாங்க."

அவர் ஒரு துண்டை எடுத்து, திருப்பிப் பார்த்து, தட்டிலேயே வைத்துவிட்டு எழுந்துபோனார். வாழைக்காயும் பாவமா என்று அம்மாவைக் கேட்டேன். "துன்னுட்டுப் போ" என்றாள்.

ஐந்தாம் வெள்ளி, வெயில் தாழ்ந்த நேரத்தில், சகாயம் சித்தி படியேறி வந்தார். காசிமேட்டில் இறால் உரிக்கும் வேலையிலிருந்து நேரே வந்திருந்தார். கையில் ஒரு பையில் இரண்டு சங்கரா மீன்கள். அம்மா வாழைக்காய் சுட்டுக்கொண்டிருந்தாள். சித்தி துண்டுகளை ஒரு பக்கமாக ஒதுக்கி, மீன்களைக் கம்பித் தட்டில் வைத்தார். "அவரு வர்ற நேரம்டி, வோணாம்டி" என்று அம்மா பதறினாள். அதற்குள் நைனா வந்துவிட்டார்.

"இன்னா சகாயம், இங்க மீனு சமைக்கறதில்லன்னு தெரியுமில்ல?"

"தெரியும் மாமா. ஏன்னு கேக்கத்தான் வந்தேன். தபசுல மீன் துன்னலாம்னு சாமியாரே சொல்றாரு. நீங்க எதுக்கு உட்டீங்க?"

நைனா மீனைப் பார்த்தார். சித்தியின் குரல் உயரவில்லை.

"அவரு கடல்லயே பூட்டாரு, அவர மீனு துன்னுட்டுதுன்னு நெனச்சிகினுதான நீங்க துன்ன மாட்டேன்றீங்க? அப்போ அவரு இல்லன்னு நீங்களே முடிவு பண்ணிட்டீங்க. நான் தெனமும் துன்றேன் மாமா. அவரு உசுரோட கீறாருன்னுதான் துன்றேன்."

நைனா அடுப்பருகே தரையில் உட்கார்ந்தார். தணலில் மீன் ஒரு பக்கம் கருகத் தொடங்கியது, யாரும் திருப்பிப்போடவில்லை.

"பக்கத்துலதாம்மா படுத்துகினு இருந்தான்," என்றார். "கண்ண மூடித் தொறந்தேன், இல்ல. வருவான்னு சொல்லவும் வாய் வரல, வரமாட்டான்னு சொல்லவும் வரல. எனக்குத் தெரியலம்மா."

பெரியவர் ஒருவர், அதிலும் என் நைனா, தெரியவில்லை என்று சொல்லி நான் கேட்டது அதுதான் முதல்முறை. நான் சும்மா இருந்திருக்கலாம். "அப்போ சித்தப்பா வருவாரா, மாட்டாரா?" என்று சத்தமாகக் கேட்டுவிட்டேன். அம்மா என் முதுகில் ஓங்கி ஓர் அறை வைத்தாள். எதற்கு அடி என்று தெரியாமலே அழுதேன்.

நைனா கையை நீட்டி மீனில் ஒரு விள்ளல் பிய்த்தார். வாய்வரை கொண்டுபோனார், அங்கேயே நிறுத்தினார். சித்தி அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு, "வுடுங்க மாமா" என்று அவர் விரலிலிருந்து மீனை எடுத்துத் தன் வாயில் போட்டுக்கொண்டு, அந்தக் கையில் ஒரு வாழைக்காய்த் துண்டை வைத்தார். இருவரும் தின்றார்கள்; அழுதுகொண்டே தின்றார்கள்.

அதன்பின் எல்லா வெள்ளிக்கிழமையும் சித்தி வந்தார். கம்பித் தட்டில் ஒரு பாதி சித்தியின் மீனுக்கு, மறு பாதி எங்கள் காய்கறிக்கு. தக்காளி, சோளம், மிளகாய்ப்பொடி தூவிய அன்னாசித் துண்டு என்று அம்மா வருஷத்துக்கு வருஷம் எதையாவது கண்டுபிடித்தாள். நைனா சாகும்வரை மீன் தொடவில்லை. சித்தி ஒருநாளும் விடவில்லை. யார் சொன்னது சரி என்று அவர்கள் மறுபடி பேசிக்கொண்டதே இல்லை. நான் இரண்டு பக்கத்திலிருந்தும் எடுத்துத் தின்றேன். ஒவ்வொரு முறையும் யாரோ ஒருவருக்குத் துரோகம் செய்கிறோம் என்ற குழப்பத்தோடுதான் தின்றேன்.

இப்போது நான் ஓசூரில் இருக்கிறேன். இங்கே கடல் உண்மையிலேயே தூரம். தவக்காலத்தில் எங்கள் கோயில் பங்கைச் சேர்ந்த பெண்கள், கறியும் இல்லாமல் நல்ல மீனும் கிடைக்காமல் எதைச் சுடுவது என்று கேட்டால், அம்மாவின் முறைகளைச் சொல்கிறேன். எங்கிருந்து கற்றேன் என்பதைச் சொல்வதில்லை. புளியந்தோப்பில் நாங்கள் இருந்த கட்டடத்தை இடித்துவிட்டார்கள். ராயபுரத்தில் நாங்கள் மீன் சுட்ட மணல் இருந்த இடத்தில் கருங்கல் கொட்டியிருக்கிறது. அம்மாவும் இல்லை.

போன வருஷம் சகாயம் சித்தியும் போய்விட்டார். கண்ணீர் அஞ்சலி பேனர் அடிக்கும் கடையில், கணினி முன்னால் இருந்தவர், "வூட்டுக்காரர் பேருக்கு முன்னாடி லேட்டு போடணுமாக்கா?" என்று கேட்டார். கேட்டுச் சொல்ல வீட்டில் மூத்தவர்கள் ஒருவரும் மிஞ்சியிருக்கவில்லை. வெறும் பெயரை மட்டும் போடச் சொன்னேன்.

மறுநாள் குப்பத்தில் அந்த பேனர் முன்னால், சித்தப்பாவோடு ஒருகாலத்தில் கடலுக்குப் போய்வந்த ஒரு வயசாளி, கண்ணைச் சுருக்கிக்கொண்டு எழுத்துக் கூட்டிப் படித்தார். பிறகு என் பக்கம் திரும்பினார். சாவுக்கு வந்த அந்த முகத்தில் ஒரு கணம் சந்தோஷம் தெரிந்தது.

"அப்போ, தாஸு கீறானா?"